கெட்டிமேளத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்: கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாலி கட்டி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ரிசெப்ஷனில் ஒரு ஷாட் தவறினால் அடுத்த குடும்பம் மேடையேறும்போது அதுபோல இன்னொன்றை எடுத்துவிடலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அதனால் நான் தாலி நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் எல்லா வேலையையும் அடுக்குகிறேன். புதிதாக வரும் தம்பிகள் தடுமாறுவது பெரும்பாலும் கேமரா தெரியாததால் அல்ல; எதை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று தெரியாததால்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் மண்டபத்தில் நடக்கும் இந்துக் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். இரண்டு கேமரா, மூன்று ஆட்கள்.

1. அட்வான்ஸ் வாங்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

எத்தனை கேமரா, எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம், முழு வீடியோ எவ்வளவு நேரம், ஹைலைட்ஸ் உண்டா, எப்போது கொடுப்போம், எடிட்டில் எத்தனை முறை திருத்தம் செய்து தருவோம். இதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும், இரண்டு பக்கமும் கையெழுத்து இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்டால் நீங்கள் சொன்னது மாப்பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும், பணம் கொடுக்கிற பெண்ணின் அப்பாவுக்குத் தெரியாது.

இரண்டு விஷயங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, எடுத்த வீடியோவை நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா என்ற சம்மதம். கேட்காமல் போட்டுவிட்டு, பெண் வீட்டார் மனம் வருந்திப் பேசும்போது நீக்கிவிட்டால் போதாது. அதற்குள் நூறு பேர் பார்த்திருப்பார்கள். இன்னொன்று, எடிட் முடிந்த பிறகு மூலக் காட்சிகளை எத்தனை மாதம் வைத்திருப்போம் என்பது. அந்தத் தேதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அதனால் தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் எல்லா கேமராமேன்களுக்கும் ஒரே நாளில் வேலை இருக்கும். அட்வான்ஸ் வாங்கிய அன்றே இரண்டாவது கேமராமேனிடம் தேதியை உறுதி செய்யுங்கள். ஒரு வாரம் முன்னால் தேடினால் கிடைக்கிற ஆள், அன்று எவருமே கூப்பிடாத ஆளாகத்தான் இருப்பார்.

2. சடங்கு வரிசையை அந்தக் குடும்பத்திடமே கேளுங்கள்

"எனக்கு எல்லாச் சடங்கும் தெரியும்" என்று போவதுதான் அனுபவசாலிகளும் செய்கிற தவறு. தமிழ்க் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. சில வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டை நாத்தனார் போடுவார். சில வீடுகளில் மூன்றையும் மாப்பிள்ளையே போடுவார். ஐயர், ஐயங்கார் கல்யாணங்களில் காசி யாத்திரை, மாலை மாற்றுதல், ஊஞ்சல் எல்லாம் தாலிக்கு முன்னாலேயே வரும். தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள். கேமரா எந்த உயரத்தில், எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

கல்யாணத்தை நடத்தி வைக்கிற ஐயரிடமோ ஓதுவாரிடமோ நான் நேரில் நான்கு கேள்விகள் கேட்பேன். தாலி கட்டும்போது பெண் எந்தப் பக்கம் உட்காருவார்? முடிச்சு யார் யார் போடுவார்கள்? கூறைப்புடவை கட்டப் பெண் எழுந்து போய் எவ்வளவு நேரத்தில் திரும்புவார்? அழைப்பிதழில் 6 முதல் 7.30 என்று போட்டிருக்கிறதே, தாலி அதில் எப்போது? நான்காவது கேள்விதான் மிக முக்கியம். ஒன்றரை மணி நேரத்தில் எந்த நிமிடம் என்பது அவர் மனசில் இருக்கும், அழைப்பிதழில் இருக்காது.

அதோடு குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாளாகக் கேட்டு வாங்குங்கள். சித்தப்பாவோ மாமாவோ, இரு வீட்டு உறவுகளையும் முகம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர். "இவர்தான் தாய்மாமன், அந்த வெள்ளைப் புடவைப் பாட்டி பெண்ணை வளர்த்தவர்" என்று அவர் காட்டாவிட்டால், வீடியோவில் மண்டபத்து மேனேஜர் நாலு முறை வருவார், பாட்டி வரமாட்டார். மறைந்த அப்பாவின் படத்தை மாலை போட்டு வைத்திருக்கிறார்களா, மணமக்கள் எப்போது அதை வணங்குவார்கள் என்றும் அவரிடமே கேளுங்கள். அது பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் ஒரு அறை மூலையில் நடந்து முடிந்துவிடும்.

3. மண்டபத்தைப் போய்ப் பாருங்கள்

முடிந்தால் முகூர்த்தம் நடக்கும் அதே நேரத்தில் போங்கள். காலை 6 மணிக்குக் கிழக்கு ஜன்னலில் வருகிற வெயில், மாலை 5 மணிக்குப் போனால் தெரியாது. மணமக்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்து உட்காருவதால் திறந்த மண்டபத்தில் அந்த வெளிச்சம் நேரே முகத்தில் விழும். நமக்கு நல்லதுதான், ஆனால் அரை மணி நேரத்தில் அது கூடிக்கொண்டே போகும்.

பார்க்க வேண்டியவை: மேடை உயரம், பிளக் பாயின்ட்கள், ஜெனரேட்டர் மாறும்போது எத்தனை விநாடி இருட்டாகிறது, மைக் செட்டின் ஒலிகளைக் கலக்குகிற மிக்சர் எங்கே இருக்கிறது. கேமராக்களை எப்போதும் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். அடாப்டரில் ஓட்டினால் மின்சாரம் மாறுகிற அந்த நொடியில் ரெக்கார்டிங் நின்றுவிடும். பேட்டரியில் எரிகிற ஒரு எல்இடி விளக்கும் கையில் இருக்கட்டும்.

கோயிலில் கல்யாணம் என்றால் கேமரா அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசி கொண்டு போகத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஆகவே கைபேசியை மானிட்டராகவோ மைக் செயலிக்காகவோ நம்பியிருந்தால் வாசலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

4. முதல் நாள் மதியம்: கேமரா அமைப்பு

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் குழல்விளக்கும் மலிவான எல்இடி சீரியல் செட்டும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழுகிற நேரம், 1/50 அல்லது 1/100 விநாடி இருந்தால் அது வீடியோவில் தெரியாது. 1/60, 1/125 என்று வைத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். எடிட்டில் அதைச் சுத்தமாக எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

எனவே கேமராவை 50 ஹெர்ட்ஸுக்கான வீடியோ முறையான பிஏஎல்லுக்கு மாற்றி, விநாடிக்கு 25 பிரேம் (தனிப் படம்), ஷட்டர் 1/50 என்று வையுங்கள். 50 பிரேம் எடுத்தால் 1/100. ஸ்லோமோஷனுக்கு 100 பிரேம் வைக்கும்போது வழக்கம்போல் இரு மடங்கு, அதாவது 1/200, போகாதீர்கள். அங்கும் 1/100 தான். சில கேமராக்கள் என்டிஎஸ்சியிலிருந்து (60 ஹெர்ட்ஸுக்கான முறை) மாற்றும்போது கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். அதனால் இந்த வேலை கார்டு காலியாக இருக்கும்போதே முடிய வேண்டும்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். மஞ்சள் போகஸ் லைட், ஹோமத் தீ, சிவப்புப் பட்டு என்று கேமரா பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் முகத்தின் நிறம் மாறிக்கொண்டே போகும். மேடை விளக்கெல்லாம் எரியும்போது ஒரு வெள்ளைத் தாளையோ வேட்டியையோ பார்த்து அளந்து, எல்லா கேமராவிலும் அதே எண்ணைப் பூட்டிவிடுங்கள்.

அப்புறம், எல்லா கேமராவிலும் ஒலி பதிகிற ரெக்கார்டரிலும் கடிகாரத்தை ஒரே நொடிக்கு வையுங்கள். இரண்டு நிமிட வேலை. எடிட் மேசையில் ஒரு நாள் மிச்சமாகும்.

பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அவற்றில் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முறை நிறுத்தி மறுபடி தொடங்கிவிடுங்கள்.

5. வரவேற்பு

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் எல்இடி சுவர் இருந்தால் அது வெளுத்துப்போனாலும் பரவாயில்லை, மணமக்கள் முகத்தை வைத்து வெளிச்சம் அமையுங்கள். சுவரை வைத்து அமைத்தால் முகம் இருட்டும். போட்டோகிராபரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவருடைய ஃப்ளாஷ் நம் படத்தில் பாதி பிரேமுக்கு வெள்ளைக் கோடாக விழும். முக்கிய உறவுகள் மேடையேறும்போது அவர் கொஞ்சம் ஃப்ளாஷைக் குறைத்து, தொடர் வெளிச்சத்தில் எடுக்கச் சம்மதித்தால் இருவருக்கும் நல்லது.

பரிசுப்பெட்டியோடு வரிசையில் நிற்கிற முந்நூறு குடும்பத்தையும் ஒரே கேமரா நிலையாக எடுத்தால் போதும். இரண்டாவது ஆள் கீழே இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற நண்பர்களையும் ஓடுகிற குழந்தைகளையும் எடுக்கட்டும். பந்தியில் இலை போடுவதையும் பரிமாறுவதையும் எடுங்கள். வாயில் சோறு வைக்கிற முகத்தை எவரும் பார்க்க விரும்பமாட்டார்கள்.

6. ஒலிக்குத் தனித் திட்டம்

கல்யாண வீடியோவில் அதிகம் கெட்டுப்போவது ஒலிதான். காரணம் எளிது: மந்திரம் மெல்ல ஒலிக்கும், கெட்டிமேளம் காதைப் பிளக்கும். மந்திரம் கேட்கிற அளவுக்கு ஏற்றி வைத்தால், நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து எழும்போது ஒலி உடைந்து கரகரக்கும். உடைந்த ஒலியை மீட்க முடியாது.

காலையில் மேளக்காரர்கள் வாசித்துப் பார்க்கும்போதே ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்து அளவை அமையுங்கள். அவர்களின் உச்சம் ரெக்கார்டர் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும் (0-வைத் தொட்டால் ஒலி உடையும்). ரெக்கார்டரில் அதே ஒலியை இரண்டாவது பாதையில் இன்னும் 12 டெசிபல் குறைத்துப் பதியும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒன்றாகத் தாங்கிப் பதிகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. மைக்கே திணறாத அளவு தூரம் மட்டும் வேண்டும்.

காலர் மைக்கை மாப்பிள்ளைக்கு மாட்டுவது புதியவர்களின் பழக்கம். மாலை விழுந்ததும் பூ உரசுகிற சத்தம் மட்டும்தான் பதிவாகும். நான் ஐயரின் அங்கவஸ்திரத்தில், அவரிடம் கேட்டு, மாட்டுகிறேன். மந்திரமும் வரும், அவர் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மெல்லச் சொல்கிற குறிப்புகளும் வரும். மண்டபத்து மிக்சரிலிருந்தும் ஒரு லைன் (நேரடி ஒயர் இணைப்பு) எடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கெட்டிமேளம் தொடங்கியதும் மைக் செட்காரர் ஒலியை மாற்றுவார். உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு கல்யாணத்தில் நான் அப்படி லைனை மட்டும் நம்பி, தாலி கட்டிய நேரத்துக்கு ஒலியே இல்லாமல் திரும்பினேன். கேமராவின் சொந்த மைக்கில் பதிந்ததை வைத்து ஒப்பேற்றினோம். அன்றிலிருந்து மூன்று இடத்தில் ஒலி பதிகிறேன்.

7. தாலிக்கு அரை மணி முன்னால்

அதிகாலையில் ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே புழுக்கமான மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

எல்லா கேமராவிலும் பேட்டரியும் கார்டும் புதிதாக மாற்றுங்கள். பேட்டரியில் 60 சதவீதம் மீதி இருந்தாலும் மாற்றுங்கள்.

இனி இடம் பிடிப்பது. முதல் கேமரா, மேடைக்கு எதிரே 15 முதல் 20 அடி தூரத்தில், நிற்கிறவர்கள் தலைக்கு மேலே உயரமாக, ட்ரைபாடில். தாலி நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், கைபேசிகள் எல்லாம் மேலே போகும். உட்கார்ந்திருக்கும்போது சரியாகத் தெரிகிற உயரம் அப்போது உதவாது. இந்தக் கேமராவில் அகலமான பிரேம் வைத்து, போகஸை மணமக்கள் மேல் பூட்டுங்கள். தானியங்கி போகஸ், பறந்து வரும் அட்சதையையும் குறுக்கே வரும் கையையும் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். ட்ரைபாட் பக்கத்தில் மூன்றாவது ஆள் நிற்கட்டும், அதன் காலை எவரும் தட்டாமல்.

இரண்டாவது கேமரா மேடை மேலே, பெண்ணின் முகமும் மாப்பிள்ளையின் கையும் ஒரே பிரேமில் வருகிற பக்கம். மாப்பிள்ளை குனிந்து கட்டும்போது அவர் தோள் பெண்ணின் முகத்தை மறைக்கிற பக்கம் எது என்று முன்னாலேயே ஒரு ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். ஐயரிடம் கேட்ட முதல் கேள்வி இதற்காகத்தான். நாத்தனார் பின்னால் நிற்பார் என்றால் அவருக்கும் விளக்குப் பிடிப்பவருக்கும் இடம் விட்டு நில்லுங்கள்.

ஹோமப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மின்விசிறி எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நின்றால் படம் மங்கும், லென்ஸில் நெய்ப்புகை படியும். கட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன் ஒரு முறை துடைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்களை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கெட்டிமேளம் ஒலிக்கும்போது அல்ல. "நகருங்க" என்றால் எவரும் நகரமாட்டார்கள், கோபம்தான் வரும். "அத்தை, தாலி கட்டும்போது நீங்க இந்தப் பக்கம் நின்னா உங்க முகமும் வீடியோல வரும்" என்று சொன்னால் நகருவார்கள். உண்மையிலேயே வரும்படி இடம் காட்டுங்கள். பொறுப்பாள் மாமாவிடமும் சொல்லி வைத்தால், கைபேசியோடு முன்னால் பாய்கிற இளைஞர்களை அவர் பார்த்துக்கொள்வார்.

8. கெட்டிமேளம்

தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றி வரத் தொடங்கியதும் எல்லா கேமராவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐயர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் சொன்ன பிறகு பட்டனை அமுக்கினால் தாமதம். ரெக்கார்டிங் சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பாருங்கள். இரண்டு முறை அமுக்கி நிறுத்திவிடுகிற தவறு இந்தப் பதற்றத்தில்தான் நடக்கும்.

மேடை கேமரா இந்த அரை நிமிடத்தில் நகரக் கூடாது. ஜிம்பலில் (கேமரா ஆடாமல் பிடிக்கிற கருவி) சுற்றி வருவது, ஸ்லோமோஷன், ஜூம் எதுவும் வேண்டாம். 100 பிரேமில் தாலியை எடுக்கும்போது பல கேமராக்கள் ஒலியைப் பதிவதே இல்லை. தாலிக்கு முன் பின் அதை வைத்துக்கொள்ளலாம். முதலில் கை, பிறகு பெண்ணின் முகம், பிறகு நாத்தனாரின் முடிச்சு என்று மெல்லத் திரும்பினால் போதும்.

கட்டி முடிந்ததும் கேமராவைக் கீழே இறக்காதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதும், அப்பா எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பதும் அந்த நிமிடத்தில்தான். மூன்றாவது ஆள் கையில் சின்னக் கேமரா ஏதாவது இருந்தால், ட்ரைபாட் பக்கத்தில் நின்றபடியே பெற்றோர் முகத்தை மட்டும் எடுக்கச் சொல்வேன்.

9. தாலிக்குப் பிறகு சாப்பிடப் போகாதீர்கள்

கூட்டம் மொத்தமும் பந்திக்குப் போகும். கூடவே நம் ஆட்களும் போய்விடுவார்கள். ஆனால் அக்னி வலம், பொரியிடுதல், அம்மி மிதித்து மெட்டி போடுவது, அருந்ததி பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். கூட்டம் இல்லாததால் உண்மையில் நிம்மதியாக, அழகாக எடுக்கக் கிடைக்கிற நேரமும் இதுதான். குழு முகூர்த்தத்துக்கு முன்பே டிபன் சாப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொருவராகப் போக வேண்டும். இதை முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள்.

10. நேரலையும் ட்ரோனும்

யூடியூபில் புதிய கணக்கில் முதன்முறை நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். காலை 5 மணிக்கு மண்டபத்தில் உட்கார்ந்து முயன்றால் நடக்காது. இணைய வேகத்தை ஆளில்லாத மண்டபத்தில் சோதிப்பதும் பயன் தராது. ஆயிரம் பேர் கைபேசியோடு வந்த பிறகு டவர் திணறும். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடினால் பதிப்புரிமைக் காரணமாக நேரலை நிற்கலாம் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ட்ரோனுக்கு 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் மண்டபம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் உயர வரம்பு 400 அடி, விமான நிலையத்துக்கு அருகே அதைவிடக் குறைவு. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிடுபவருக்கு ட்ரோன் விமானிச் சான்றிதழ் வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடாதீர்கள்.

11. கார்டிலிருந்து ஹார்டிஸ்க்குக்கு

100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, ஒவ்வொன்றும் 6 மணி நேரம் என்றால் 540 ஜிபி. விநாடிக்கு 100 எம்பி (மெகாபைட்) எழுதுகிற ஹார்டிஸ்க்கில் ஒரு பிரதி எடுக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இந்த நேரத்தை வேலையின் ஒரு பகுதியாகவே கணக்கில் வையுங்கள். இரவு களைப்பில் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடுகிற கார்டுதான் பையில் தொலையும்.

காலியான கார்டு இடப்பக்கப் பை, நிறைந்த கார்டு வலப்பக்கப் பை. நடுவில் மாற்றக் கூடாது. கட் பேஸ்ட் வேண்டாம், காப்பி மட்டும். முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள், தாலி கோப்பைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஹார்டிஸ்க்கில் ஏறி, அவற்றில் ஒன்று வேறொரு வீட்டுக்குப் போன பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம்.

12. எடிட்டும் ஒப்படைப்பும்

முதலில் ஹைலைட்ஸ் வெட்டத் தொடங்காதீர்கள். முழு வீடியோவைச் சடங்கு வரிசையில் அடுக்கினால், ஹைலைட்ஸுக்கு எது வேண்டும் என்று தானாகக் கண்ணில் படும். பெயர்களை அழைப்பிதழைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் போடுங்கள். பெயரில் ஒரு ஒற்றெழுத்து பிழையானால் முழு வேலையும் பிழையாகிவிடும், அந்தக் குடும்பத்துக்கு.

சினிமாப் பாட்டு போட்ட ஹைலைட்ஸை வீட்டில் பார்க்கலாம். யூடியூபில் ஏற்றினால் பதிப்புரிமைக் கோரிக்கை வரும். பொதுவில் போட உரிமம் வாங்கிய இசையோடு தனிப் பிரதி கொடுங்கள்.

பென்டிரைவைத் தயாரிக்கும்போது அவர்கள் வீட்டு டிவியை நினையுங்கள். பழைய டிவிகள் பல 4கே கோப்பைத் திறக்காது. சில, எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவை மட்டும்தான் படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எனவே எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் முழு எச்டியில், மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம் என்று தனித்தனிக் கோப்புகளாக வெட்டுங்கள். 10 எம்பிபிஎஸ்ஸில் 50 நிமிடம் அந்த அளவுக்குள் அடங்கும். தாத்தா பாட்டியும் வேண்டிய பகுதியை நேரே போட்டுப் பார்ப்பார்கள்.

நான் தனியாக ஒரு கோப்புறையும் சேர்க்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் வருகிற துண்டுகள், வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், அவர்கள் குரலோடு. சில வருடம் கழித்து ஒரு பேரனோ பேத்தியோ தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, எங்க தாத்தா பேசினது ஏதாவது இருக்கா" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. ஒப்பந்தத் தேதி முடிந்து மூலக் காட்சிகளை அழிக்கும்போதும் அந்தக் கோப்புறையை மட்டும் நான் அழிப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு 5 ஜிபிகூட வராது.